ஆடுகளத்தின் வாயில்: 1911ஆம் ஆண்டுக் கால்பந்து இறுதியாட்டம் நமக்குக் கற்பிப்பது

கல்வி என்றதும் நம்மவர் நெஞ்சில் தோன்றுவன புத்தகமும் தேர்வும் பட்டமுமே. பள்ளியையும் கல்லூரியையும் ஒட்டி ஒரு விளையாட்டுத் திடல் இருப்பதும், அத்திடலும் கல்வியின் ஒரு பகுதி என்பதும் பலர் கருத்தில் படுவதில்லை. மகன் பந்தாடப் போனால் படிப்பைக் கெடுத்துக்கொள்கிறானே என்று வருந்தும் பெற்றோர் நம் தெருக்களில் இன்றும் உளர். கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைக்கும் அவர்தம் அச்சத்தில் நியாயமும் உண்டு. எனினும், இந்நாட்டில் யார் யாரோடு சமமாக நிற்கலாம் என்னும் கேள்வி வகுப்பறையில் எழுந்தது போலவே ஆடுகளத்திலும் எழுந்திருக்கிறது. அதற்குச் சான்றாக நிற்பது 1911ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நடைபெற்ற ஒரு கால்பந்து இறுதியாட்டம்.

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இளைஞர்கள் அவ்வாட்டத்தின் வரலாற்றை முழுமையாக அறிதல் வேண்டும். முழுமையாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளையரை இந்தியர் வென்றனர் என்ற ஒரு பாதி எங்கும் பெருமையுடன் பேசப்படுகிறது. அந்தத் திடலுக்குள் யார் நுழைய முடிந்தது, யார் நுழைய முடியவில்லை என்ற மறுபாதி அத்துணை பேசப்படுவதில்லை.

பந்து வந்த வழி

கால்பந்தாட்டம் நம் நாட்டிற்கு வந்தது ஆங்கிலேயப் படைவீரர்களாலும் வணிகர்களாலும் ஆகும். படைமுகாம்களில் ஆடப்பட்ட அவ்விளையாட்டிற்கு 1888ஆம் ஆண்டில் சிம்லாவில் டூரண்ட் கோப்பைப் போட்டி ஏற்பட்டது. 1893இல் கல்கத்தாவில் இந்தியக் கால்பந்துக் கழகம் தோன்றி, அதே ஆண்டில் தன் பெயரால் ஒரு கேடயப் போட்டியையும் தொடங்கியது. ஐ.எஃப்.ஏ. கேடயம் எனப் புகழ்பெற்ற போட்டி அதுவே. தொடக்க ஆண்டுகளில் அக்கேடயம் வெள்ளையர் குழுக்களின் கையைவிட்டு வெளியே செல்லவே இல்லை.

இந்தியருள் இவ்விளையாட்டு வேரூன்றியது பள்ளிகளிலும் கல்லூரிகளிலுமே. கல்கத்தா ஹேர் பள்ளியில் பயின்ற நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவர் 1870களின் பிற்பகுதியில் தம் தோழர்களைத் திரட்டிப் பந்தாடத் தொடங்கினார். அருகிலிருந்த மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்னும் ஆங்கிலேயர் அச்சிறுவர்க்கு ஆட்ட முறையைக் கற்பித்தார். அங்கிருந்து பள்ளிக்குப் பள்ளி, கல்லூரிக்குக் கல்லூரி இவ்விளையாட்டுப் பரவியது. நாகேந்திர பிரசாத் இந்தியக் கால்பந்தாட்டத்தின் தந்தை என்று போற்றப்படுகிறார்.

ஆனால் அவர் வாழ்வில் நாம் மறக்கக் கூடாத நிகழ்ச்சி வேறொன்று. அவர் நடத்திய வெலிங்டன் சங்கத்தில் மணிதாஸ் என்னும் இளைஞரைச் சேர்க்க விரும்பினார். மணிதாஸ் மண்பாண்டம் செய்யும் குயவர் ஒருவரின் மகன். குயவர் மகனோடு சேர்ந்து ஆடமாட்டோம் என்று மேல்சாதி உறுப்பினர்கள் மறுத்தனர். நாகேந்திர பிரசாத் அவர்களோடு வாதாடிக் காலம் கழிக்கவில்லை. அந்தச் சங்கத்தையே கலைத்துவிட்டுச் சோவாபஜார் என்ற புதிய சங்கத்தை நிறுவி, மணிதாஸை அதன் முதல் உறுப்பினராகச் சேர்த்தார் என்று கால்பந்து வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தச் சோவாபஜார் சங்கமே 1892ஆம் ஆண்டில் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சரே படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. வெள்ளையர் குழு ஒன்றை இந்தியர் குழு வென்ற முதல் வெற்றி அது. குயவர் மகனுக்குக் கதவைத் திறந்த சங்கத்திற்கே முதல் வெற்றியும் வாய்த்தது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

29-7-1911

மோகன் பகான் சங்கம் 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் வடகல்கத்தாவில் தொடங்கப்பட்டது. 1906, 1907, 1908 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையை வென்று பெயர் பெற்றது. 1911இல் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியில் இறங்கியபோது, முதற் சுற்றில் அது சந்தித்தது தூய சவேரியார் கல்லூரிக் குழுவை. அதனை 3-0 என வென்றது. பின்னர் ரேஞ்சர்ஸ் குழுவை 2-1 எனவும், ரைபிள் படைப்பிரிவை 1-0 எனவும் வென்றது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன் 1-1 எனச் சமநிலை ஏற்பட, மறு ஆட்டத்தில் 3-0 என வாகை சூடி இறுதியாட்டத்திற்கு வந்தது.

எதிரே நின்றது கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவு. அவர்கள் பூட்சு அணிந்த படைவீரர்கள். உடல் வலிவும் பயிற்சியும் மிக்கவர்கள். மோகன் பகான் குழுவிலோ பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். பூட்சு அணிந்தவர் ஒருவரே. அவர் சுதீர் சட்டர்ஜி, கிறித்தவர், பவானிப்பூரில் இலண்டன் மிஷன் சங்கக் கல்லூரியின் ஆசிரியர். ஏனையோருள் கல்லூரி மாணவர்களும் சிறு அலுவல் பார்த்தவர்களும் இருந்தனர். குழுத் தலைவர் சிவதாஸ் பாதுரி.

அன்று சனிக்கிழமை. கல்கத்தா மைதானத்தை நோக்கி இரயிலிலும் படகிலும் டிராம் வண்டியிலும் மக்கள் வந்து குவிந்தனர். கூட்டம் அறுபதாயிரம் என்பாரும் ஒரு இலட்சம் என்பாரும் உண்டு. நம் ஊர்த் தீபத் திருவிழாவின் மாலைப்பொழுதைக் கண்டவர்க்கு அத்தகைய கூட்டத்தின் நெருக்கத்தைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை. திடலை எட்டிப் பார்க்கவும் இயலாமல் தொலைவில் நின்றோர்க்குப் பட்டங்களைப் பறக்கவிட்டு ஆட்ட நிலை அறிவிக்கப்பட்டது.

முற்பாதியில் இருதரப்பும் கோல் போடவில்லை. பிற்பாதியில் யார்க்சயர் அணியின் சார்ஜண்டு ஜாக்சன், 'ஃப்ரீ கிக்' வாய்ப்பில் பந்தை வலைக்குள் செலுத்தினார். கூட்டம் அடங்கிப்போயிற்று. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சிவதாஸ் பாதுரி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். முடிவு நெருங்குகையில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். 2-1 என்ற கணக்கில் மோகன் பகான் வென்றது. கேடயம் முதன்முறையாக இந்தியர் கைக்கு வந்தது.

அது 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையால் மக்கள் கொதித்திருந்த காலம். அதே 1911 டிசம்பரில் டில்லி தர்பாரில் அப்பிரிவினை நீக்கப்பட்டதும், தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்பட்டதும் நாம் அறிந்தவையே. அத்தகைய காலத்தில், இந்தியர் உடல் வலிவற்றவர், ஆட்சிக்கும் போருக்கும் உதவாதவர் என்று வெள்ளையர் பேசிவந்த பேச்சிற்கு வெறுங்கால்கள் விடை சொல்லின.

வாயிலும் வாயிற்காப்போரும்

இனி மறுபாதியைக் காண்போம். அவ்வெற்றிக்குப் பின்னும் வெள்ளையர் கதவை அகலத் திறந்துவிடவில்லை. கல்கத்தாக் கால்பந்து லீக் போட்டி 1898இல் தொடங்கியது. மோகன் பகான் அதில் இடம்பெற 1914 வரை காத்திருக்க நேர்ந்தது. முதல் பிரிவில் இரண்டு இந்தியக் குழுக்களுக்கு மேல் ஆடக் கூடாது என்ற விதியும் நெடுநாள் இருந்தது. ஐ.எஃப்.ஏ. கேடயத்தை மீண்டும் ஓர் இந்தியக் குழு வெல்ல, அதாவது 1936இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் வெல்ல, 25 ஆண்டுகள் ஆயின. கால் நூற்றாண்டு என்பது எத்துணை நீண்ட காத்திருப்பு என்பதை வெள்ளிவிழாக் கொண்டாடும் நாம் நன்குணர்வோம்.

வெள்ளையரின் வாயிலுக்கு உள்ளே மற்றொரு வாயிலும் இருந்தது. 1911இல் வென்ற குழுவினருள் பெரும்பாலோர் வங்காளத்தின் படித்த மேல்சாதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்தம் திறமையையும் துணிவையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் பந்தைக் கற்ற இடம் எது என்பதே நம் கேள்வி. பள்ளித் திடலும் கல்லூரித் திடலும் சங்கத் திடலுமே அவை. பள்ளிக்குள் அனுமதிக்கப்படாத பிள்ளை பள்ளித் திடலுக்குள் வருவதெங்ஙனம்? குயவர் மகனையே ஏற்க மறுத்த சங்கங்கள், அவரினும் கீழாக ஒதுக்கப்பட்டோரை எவ்வாறு ஏற்றிருக்கும்? நடுவர் ஊதல் ஊதுமுன்பே யார் ஆடுவது, யார் வெளியே நிற்பது என்பது முடிவாகிவிட்டது.

வெறுங்காலைப் பற்றியும் ஒரு சொல். மோகன் பகான் வீரர்கள் வெறுங்காலுடன் ஆடியது பழக்கத்தால். விரும்பியவர் பூட்சு அணியலாம், சுதீர் சட்டர்ஜி அணிந்தார். நம் முன்னோரின் வெறுங்கால் அத்தகையதன்று. ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடந்தால் அடியும் தண்டமும் பெற்ற காலம் அது. ஒருவரது வெறுங்கால் வீரத்தின் அடையாளமாகப் போற்றப்பட்டது. மற்றவரது வெறுங்கால் கட்டளையால் வந்தது. பொதுச் சாலையும் கிணறும் எல்லா மக்களுக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை ஆர். வீரையன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவர 1924ஆம் ஆண்டு வரை ஆயிற்று. சாலைக்கே சட்டம் வேண்டியிருந்த நாட்டில் விளையாட்டுத் திடலைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

அதே ஆண்டில் இன்னொரு களம்

1911ஆம் ஆண்டில், கல்கத்தாவில் அந்த இறுதியாட்டம் நடந்த அதே கோடையில், கடல்கடந்து இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்தார் நம்மவர் ஒருவர். பல்வங்கர் பாலு என்பது அவர் பெயர். ஆட்டம் கால்பந்து அன்று; கிரிக்கெட். தார்வாரில் பிறந்து பூனாவில் வளர்ந்த பாலு, தோல் தொழில் செய்யும் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் கல்லூரி வழியாக ஆடுகளத்திற்கு வரவில்லை. பூனா ஜிம்கானாவில் மாதம் நான்கு ரூபாய் ஊதியத்திற்குத் திடலைச் செப்பனிடும் வேலைக்காரராக நுழைந்தார். வெள்ளைக்கார ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசி வீசியே இந்தியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளர் ஆனார்.

அவருடைய திறமையை விடமுடியாமல் இந்துக்கள் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்திற்குள் அவர் கையிலிருந்து பந்தை வாங்கியவர்கள், ஆட்ட இடைவேளையில் அவருக்குத் தேநீரைக் கட்டடத்திற்கு வெளியே, தனி மண்குவளையில் கொடுத்தனர். உணவும் தனி மேசையிலேயே. பந்திற்குத் தீட்டில்லை, குவளைக்கு மட்டும் தீட்டு என்பது அவர்கள் வகுத்த நீதி! 1906இலும் 1907இலும் பம்பாயில் ஐரோப்பியரை இந்துக்கள் குழு வென்றதில் பாலுவின் பங்கு பெரிது. 1911இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற அனைத்திந்தியக் குழு பல ஆட்டங்களில் தோற்றது. ஆயினும் பாலு ஒருவரே அச்சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இத்தகையவர்க்கு இந்துக்கள் குழுவின் தலைமை ஒருபோதும் வழங்கப்படவில்லை. 1920இல் துணைத் தலைமை வரையிலேயே உயர முடிந்தது. அவர் தம்பி விட்டல் 1923இல் தலைவரானார். அவ்வாண்டு நாற்குழுப் போட்டியை அக்குழு வென்றது. அண்ணனுக்கு மூடியிருந்த வாயில் தம்பிக்குத் திறந்ததென்றால், அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் இடையறாத உழைப்பும், மாறிவந்த காலத்தின் நெருக்குதலும் இருந்தன.

அதே 1911இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் ஒரு மாணவர் பயின்றுகொண்டிருந்தார். அவர்தாம் அண்ணல் அம்பேத்கர். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறி, பரோடா மன்னரின் உதவித்தொகையால் கல்லூரியில் சேர்ந்தவர். அதே ஆண்டில் சென்னையில் பண்டிதர் அயோத்திதாசர் தம் 'தமிழன்' இதழை நடத்திக்கொண்டிருந்தார். கல்கத்தாவின் கூட்டத்தில் எழுந்த ஆரவாரம் நாடெங்கும் கேட்டது. இம்மூவரும் செய்துகொண்டிருந்த வேலையோ ஆரவாரமின்றி நடந்தது. ஆனால் அடைத்த வாயில்களைத் திறக்கும் பணி எது என்று கேட்டால், நாம் சுட்ட வேண்டியது இதனையே.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி ஆட்டம்

சாதிக்கு நம் நாடு என்றால் நிறவெறிக்கு அமெரிக்கா. அங்கும் இதே கேள்வி கல்லூரி ஆடுகளத்தில் எழுந்தது. அமெரிக்கர் 'ஃபுட்பால்' என்று வழங்குவது பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். கல்லூரிக் குழுக்களிடையே ஆண்டுதோறும் புத்தாண்டையொட்டி நடைபெறும் பெரும் ஆட்டங்களைக் காண அந்நாடே திரளும். அவற்றுள் ஒன்று நியூ ஆர்லியன்ஸ் நகரின் 'சுகர் பவுல்'.

1956ஆம் ஆண்டு சனவரி 2இல் நடைபெறவிருந்த அவ்வாட்டத்திற்கு ஜார்ஜியா டெக் கல்லூரியும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் தேர்ந்தெடுக்கப்பட்டன. பிட்ஸ்பர்க் குழுவில் பாபி கிரியர் என்னும் கறுப்பின மாணவர் இருந்தார். அலபாமாவில் ரோசா பார்க்ஸ் பேருந்தில் தம் இருக்கையை விட்டெழ மறுத்துக் கைதானது 1-12-1955இல். அடுத்த நாளே ஜார்ஜியா ஆளுநர் மார்வின் கிரிஃபின், கறுப்பினத்தவர் ஆடும் களத்தில் தம் மாநிலக் கல்லூரி ஆடக் கூடாது என்றார். அன்றிரவு ஜார்ஜியா டெக் மாணவர்கள், வெள்ளையர்களே, திரண்டெழுந்து ஊர்வலமாகச் சென்று ஆளுநரின் கொடும்பாவியை எரித்தனர். அவர்களுள் பலரைத் தூண்டியது நீதியுணர்வா, ஆட்டம் நின்றுவிடுமே என்ற கவலையா என்பதைப் பிரித்தறிதல் கடினம். எதுவாயினும் ஆளுநரின் எண்ணம் நிறைவேறவில்லை. ஆட்டம் நடந்தது, கிரியர் ஆடினார். 7-0 என ஜார்ஜியா டெக் வென்றது. அந்தப் புள்ளிகளுக்கு வழிவகுத்ததும் கிரியர் மீது நடுவர் சுமத்திய ஒரு தவறே. அம்முடிவு சரியா என்ற வாதம் பல்லாண்டுகள் ஓயவில்லை. அவருடைய குழு தோற்றது. எனினும் 'சுகர் பவுல்' களத்தில் அன்றுவரை கறுப்பினத்தவருக்கு இருந்த தடை அவர் காலடி பட்டதும் உடைந்தது. வெற்றி தோல்வியைக் காட்டிலும் களத்தில் இறங்கி நிற்பதே பெரிதாகும் நாள்களும் வரலாற்றில் உண்டு.

நம் ஊரும் நம் பிள்ளைகளும்

இவ்வரலாறுகளை நாம் ஏன் ஈண்டு நினைவுகூர்ந்தோம்? வாயில்கள் எல்லாம் திறந்துவிட்டன என்று எண்ணி அயர்ந்துவிடலாகாது என்பதற்காகவே. நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் காவல்துறையின் பாதுகாப்போடு அடியெடுத்து வைத்தது 2023ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாளில்தான். கோயிலுக்கு ஒரு வாயில் உண்டு. அதனைப் பூட்டினால் கண்ணுக்குத் தெரியும். விளையாட்டுத் திடலின் வாயில் கண்ணுக்குத் தெரிவதில்லை. குழுவிற்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போதும், பூட்சு வாங்கப் பணமில்லாதபோதும், மாலை நேரத்தில் வேலைக்குப் போக வேண்டியிருக்கும்போதும் அது ஓசையின்றி மூடிக்கொள்கிறது.

ஆனால் அது திறப்பதும் உண்டு. வடசென்னையில் தொழிலாளர் வாழும் வியாசர்பாடியில் கால்பந்து பல குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியிலும் கல்லூரியிலும் நிலைபெறச் செய்திருக்கிறது. 2018ஆம் ஆண்டு கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில், பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாக வாகை சூடினர். 2023இல் அமிர்தசரசில் அரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மீண்டும் பட்டம் பெற்றனர். 1911இல் மைதானத்தில் இடம் பெறுவதைக் கனவிலும் கருத இயலாதிருந்த பெண்குலத்தின் வெற்றி இது. நம் வீட்டுப் பெண்மக்களைப் பந்தாட விடத் தயங்கும் பெற்றோர் இதனைக் கருதுக.

நம் சங்கம் செய்ய வேண்டுவன பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மாணவர் விடுதிகளில் மாலையில் ஒரு மணி நேரம் ஆட்டத்திற்கென ஒதுக்குதல். படிப்புதவி பெறும் பிள்ளைக்கு ஒரு பந்தும் ஓர் இணைக் காலணியும் கிடைக்கச் செய்தல். பள்ளிக் குழு, கல்லூரிக் குழு, பல்கலைக்கழகக் குழு ஆகியவற்றின் தேர்வு எந்நாளில் நடைபெறும் என்பதை முன்கூட்டியே அறிந்து நம் பிள்ளைகளை அனுப்புதல். விளையாட்டு வீரர்க்கெனக் கல்லூரியிலும் அரசுப் பணியிலும் உள்ள இடங்களைப் பற்றிப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தல். இவை நான்கும் செய்தால், நம் ஊர் டேனிஷ் மிஷன் பள்ளித் திடலிலோ அரசு கலைக் கல்லூரித் திடலிலோ ஆடும் குழுக்களில் நம் பிள்ளைகளின் பெயர் இடம்பெறாமல் போவதற்கு, அவர்தம் திறமைக் குறைவைத் தவிர வேறு காரணம் இருக்காது. திறமையைப் பயிற்சியால் வளர்க்கலாம்.

இளைஞர்களே, படிப்பை விட்டுப் பந்தின் பின்னே ஓடுங்கள் என்று நாம் கூறவில்லை. பாலு பந்தை வீசிக் களத்திற்குள் வந்தார். அம்பேத்கர் படித்துச் சட்டத்திற்குள் வந்தார். முன்னவரின் கைத்திறன் உலகறிந்த பின்னும் குவளை தனியாகவே இருந்தது. பின்னவர் தலைமையில் வரைவு பெற்ற அரசியலமைப்பு தீண்டாமையைக் குற்றமாக்கியது. எனவே நூலகமும் வேண்டும், திடலும் வேண்டும். சோவாபஜாரில் ஒரு மணிதாஸுக்காக ஒருவர் சங்கத்தையே கலைத்துப் புதிதாகக் கட்டினார். நமக்காகக் கட்டுவோர் வருவர் என்று காத்திராமல், நாமே கட்டிக்கொண்ட சங்கம் இது. இதன் அடுத்த இருபத்தைந்தாம் ஆண்டு மலரில், நம் ஊர்க் கல்லூரிக் குழுவிற்குத் தலைமை தாங்கி ஆடிய நம் வீட்டுப் பிள்ளையின் வரலாறு இடம்பெறுமாறு உழைப்போமாக.